பெட்டி, உருளை, அரைக்கோளம்

வீடு வரையும் அந்த மென்பொருளில் குளியல் தொட்டி மட்டும் ஒன்பது தினுசு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் குளியல் தொட்டி கிடையாது. மென்பொருளில் பியானோ இருந்தது, மீன் தொட்டி இருந்தது, நாய் படுக்க ஒரு மெத்தைகூட இருந்தது. என் மாமனார் கேட்ட ஒன்றே ஒன்றுதான் இல்லை.

"கூடாரம் எங்கம்மா?" என்றார்.

"அதெல்லாம் இதுல வராது அத்தா. ஐரோப்பாக்காரன் பண்ணினது."

"அப்ப நம்ம வீட்டை மட்டும் எப்படி வரையுது?"

மாமனார் மடக்கிவிட்டால் எனக்கு முணுக்கென்று கோபம் வரும். பதில் சொல்லவும் முடியாது, பெயரைச் சொல்லித் திட்டவும் முடியாது. எங்களில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அதனால் இந்தக் கதையிலும் அவர் அத்தாதான். மாமியாரை நான் எனே என்று கூப்பிடுவேன்.

நான் ஜிபார். பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால் எங்கள் மனை. நீளவாட்டில் ஒடுங்கிய மனை. அதன் பின்பாதியில் சுடாத மண்கல் வைத்துக் கட்டிய பழைய வீடு. அதில்தான் அத்தா, எனே, என் கணவர் எமில், எங்கள் இரண்டு பெண்கள், நான் எல்லோரும் இருந்தோம். முன்பாதியில் புது வீடு எழும்ப வேண்டும். அது எழும்பியதும் பழையதை இடித்துவிட்டால் பின்பக்கம் முற்றம் கிடைக்கும்.

அந்த முற்றத்தில் எனக்குத் தையல் கூடம் வேண்டும். இதில்தான் நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

துணி வெட்டுவது என் தொழில். மாஸ்கோ கடைகளுக்குப் போகும் பெண்கள் சட்டைகளுக்கு நான் வெட்டிக் கொடுக்க, ஐந்து பெண்கள் தைக்கிறார்கள். இத்தனை வருடமாக யாரோ ஒருவருடைய அடுக்குமாடியின் நிலவறையில். குழாய் கசிந்தால் முதலில் நனைவது என் துணிக்கட்டுதான். ஜன்னல் கிடையாது. வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும் வித்தியாசம் பார்க்க, துணியைத் தூக்கிக்கொண்டு படி ஏறித் தெருவுக்கு வர வேண்டும். சொந்தக் கூடம், தெற்கே பெரிய ஜன்னல், நீளமான வெட்டு மேசை. அது கிடைக்காமல் இந்த வீட்டில் ஒரு செங்கல்லும் ஏறக் கூடாது என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன்.

வரைபடம் போட ஒருவரைக் கேட்டோம். அவர் சொன்ன கூலியைக் கேட்டு எமில் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். என்னோடு தைக்கும் சுய்யூன்தான் அந்த இலவச மென்பொருளைக் காட்டினாள். "சட்டைக்கு மாதிரி வெட்டறவளுக்கு வீடு வரைய வராதா?" என்றாள். வந்தது. மேலே தரைப்படம், கீழே அதுவே எழுந்து நிற்கும் வீடு. சுவரை இழுத்தால் சுவர் வரும், கதவைச் சுவரில் கொண்டுபோய் விட்டால் தானே ஒட்டிக்கொள்ளும். முன்னால் விருந்து ஹால், அது எமிலின் ஆசை. அதை ஒட்டி அத்தா எனே அறை, எங்கள் அறை, பிள்ளைகள் அறை, சமையலறை. பின்னால் முற்றத்தில் என் தையல் கூடம். பார்க்கப் பார்க்க எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போதுதான் அத்தா கூடாரத்தைக் கொண்டுவந்தார்.

"முற்றத்துல கூடாரம் போட இடம் வேணும். வட்டமா ஒரு இடம் விட்டு வை."

"எதுக்கு அத்தா?"

"ரெண்டு பொண்ணு இருக்குல்ல. கல்யாணம் காட்சின்னு வரும்."

பெரியவளுக்கே அப்போதுதான் முன்பல் முளைத்து முடிந்திருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் விடவில்லை. காலையில் ரொட்டி கடிக்கும்போது கேட்டார், ஆட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்து கேட்டார். ஒரு கொதிகலன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொதிகலனைப் போலவே மெதுவாகச் சூடேறும், ஏறினால் இறங்காது.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் வசந்தத்தில் எனேவுக்கு வயிற்றில் அறுவை நடந்தது. "எடுத்தாச்சு, சுத்தமா எடுத்தாச்சு" என்று அவரிடம் சொன்னோம். எடுக்கவில்லை. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். டாக்டர் எமிலையும் அத்தாவையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார், எமில் என்னிடம் சொன்னார். வீட்டில் அதன்பின் அந்தப் பேச்சு கிடையாது. எனே மெலிந்தால் வெயில் என்றோம், சாப்பிடாவிட்டால் மருந்தின் வேலை என்றோம். நோயாளியிடம் நோயைச் சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை.

மேஸ்திரி அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்ட வருவதாகச் சொல்லியிருந்தார். பனி விழுவதற்கு முன்னால் கான்கிரீட் போட்டாக வேண்டும். அத்தாவின் வாயை அடைக்காமல் வரைபடத்தை மேஸ்திரி கையில் கொடுக்க முடியாது. சரி, ஒரு கூடாரத்தைச் செய்து நிறுத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேடிப் பார்த்ததில், அந்த மென்பொருளுக்கென்றே யாரோ புண்ணியவான்கள் அடிப்படை வடிவங்கள் என்று ஒரு கட்டு இலவசமாகப் போட்டிருந்தார்கள். பெட்டி, உருளை, கூம்பு, உருண்டை, வளையம், பிரமிடு. பெயர் இல்லாத பொருள்கள். நாற்காலி என்றால் நாற்காலிதான், பெட்டி எதுவாகவும் ஆகலாம். எனக்கு அது பிடித்துப்போனது. வெட்டு மேசையில் கிடக்கும் துணித் துண்டும் அப்படித்தான், தைக்கும்வரை அது கையும் இல்லை கழுத்தும் இல்லை.

சுவருக்கு உருளை சரியாக அமைந்தது. கூரைக்குக் கூம்பை வைத்தால் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆனது. எங்கள் கூடாரத்தின் கூரை தோள்பட்டை மாதிரி வளைந்து ஏறும். அதற்கு உருண்டையைப் பாதியாக வெட்ட வேண்டும், வெட்ட இந்த மென்பொருளில் வழியில்லை. வடிவங்களைச் செதுக்குவதற்கென்றே இன்னொரு மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். திறந்ததும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றது. எதையோ தொட்டேன், பெட்டி காணாமல் போனது. இன்னொன்றைத் தொட்டேன், நானே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டேன். எனக்குத் தலை சுற்றியது. மூன்று நாள் மதியம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் உருண்டையை அறுத்தேன். உச்சியைத் துளைத்து அங்கே வளையத்தைப் பொருத்தினேன். கூடாரத்தின்மேல் போர்த்தும் கம்பளத்தின் வெள்ளை நிறம் கொடுத்தேன். முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

இடிக்கிறது. என் தையல் கூடத்தின் பாதிச் சுவரைத் தின்றுவிட்டது.

வடிவத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். பிடித்து உள்ளே தள்ளினால் பொருள் சுருங்கும். தள்ளினேன். கூடாரம் சமர்த்தாகச் சுருங்கி, கூடத்துக்கும் வேலிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இடம் இருக்கு" என்றார். எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் என் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லோரும் தரையில் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எமில் மடிக்கணினியை மடியில் வைத்து வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கூடாரம் சின்னதா தெரியுதே" என்றார். சின்னப் பேருந்து ஓட்டுகிறவர், இடுக்கைக் கண்ணால் அளப்பதில் கெட்டிக்காரர். "இதுல நாலு பேர் உக்கார முடியாது. அப்பா, நல்லாப் பாத்தீங்களா?"

அத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சின்னதா? ஜிபார், நெஜ அளவு வை."

"நெஜ அளவு வெச்சா என் கூடம் போயிடும் அத்தா."

"கூடத்தைச் சின்னதாக்கு."

"வெட்டு மேசை என்ன, மடக்கி வைக்கிற குடையா?" எனக்குச் சூடேறிவிட்டது. "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்கன்னே தெரியல. கல்யாணம்னா ஊர் முழுக்க மண்டபம் இருக்கு. காது குத்துற விசேஷத்தைக்கூட ஓட்டல்ல வைக்கிறாங்க. இந்தக் காலத்துல வீட்டு முற்றத்துல யார் கூடாரம் போடறாங்க? யாராவது செத்தாத்தானே..."

அங்கே நின்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் அதற்குள் சொல் வெளியே போய்விட்டது.

இத்தனை வாரமாக அந்த மனிதர் எதற்காக ஒரு வட்டத்தைக் கேட்டார் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எங்களில் ஒருவர் இறந்தால் முற்றத்தில் கூடாரம் எழும்பும். உடல் அதற்குள்தான் இருக்கும், மண்ணுக்குப் போகும்வரை. பெண்கள் உள்ளே சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், ஆண்கள் வெளியே நின்று அழுவார்கள். கூடாரம் இல்லாமல் ஒருவரை அனுப்பினால், அடுக்குமாடியில் அநாதையாகச் செத்ததற்குச் சமம். அத்தா தன் பெண்டாட்டிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் அம்புக்குறியைப் பிடித்துத் தள்ளியிருந்தேன்.

எமில் திரையையே பார்த்தார். என் கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எனேவின் கிண்ணம் விளிம்புவரை நிறைந்து, என் விரல் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் கிண்ணத்தை நிரப்ப மாட்டோம். கொஞ்சமாக ஊற்றுவோம். தீர்ந்ததும் வாங்கி மறுபடி கொஞ்சம். இரு, இன்னும் இரு என்று சொல்வதுதான் அது. நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

எனே அந்த நிறைந்த கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சொட்டு சிந்தாமல் முழுதும் குடித்தார்.

"டீ நல்லா இருக்கு" என்றார்.

மறுநாள் அத்தாவும் எமிலும் செங்கல் பார்க்கப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் வேலைக்குப் போகவில்லை. அன்று எனேவைத் தனியே விட்டுப் போகத் துணிச்சல் இல்லை என்பதுதான் நிஜம். தேநீர் போட்டு எனே முன்னால் வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

"அடியே, உக்காரு. நேத்து கிண்ணத்தை நிரப்பிக் குடுத்தியே, அதுக்கு உன்னைத் திட்டணும்."

"திட்டுங்க எனே." விரிப்பில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் திட்டறேன். முதல்ல அந்தப் பெட்டியைத் திற. கூடாரத்தைப் பாக்கணும்."

திறந்தேன். எனே மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்தார்.

"என்ன இது, கோழிக்கூண்டா?"

"இடம் பத்தல எனே, அதான்..."

"சரியான அளவு வை. நம்ம தெருவுல எல்லாருக்கும் போடற கூடாரம் இருக்கே, ஆறு மடக்குத் தட்டியால சுவர் வைக்கறது, அது."

"வேண்டாம் எனே. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரே சொன்னாரு..."

"ஜிபார்." குரலை உயர்த்தவே இல்லை. "உங்க மூணு பேர் மூஞ்சியையும் வசந்தத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எமில் எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வர்றான். பொறந்ததுலேருந்து எனக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தந்ததில்ல அவன். எனக்கு என்ன தெரியாதா? வை."

அம்புக்குறியைப் பிடித்து வெளியே இழுத்தேன். உருளை அகன்றது, அரைக்கோளம் அதோடு அகன்றது. வெள்ளைத் துணி வழிகிற மாதிரி என் தையல் கூடத்துக்குள் புகுந்தது. ஆறு மீட்டர் வந்ததும் நிறுத்தினேன்.

"உள்ள போகலாமா?"

போகலாம். நடந்து பார்ப்பதற்கென்று ஒரு வழி அதில் உண்டு. சுவரில் ஒரு கதவை ஒட்டி, எனேவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வெறும் வெள்ளைச் சுவர், உச்சியில் வளையம், அதில் நீலமாக ஆகாயம். எனே அதை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்றார். "ஆளே இல்லையே. ஆளை வை."

மென்பொருளில் மனித உருவம் இருந்தது, ஆனால் நின்றுகொண்டிருக்கும் கோட்டு போட்ட ஆண். அதை எங்கே வைப்பது? உருளையையே குட்டையாக்கி நகல் எடுத்தேன். சுவரோரமாக ஒவ்வொன்றாக வைக்க வைக்க, எனே பெயர் வைத்தார்.

"இது என் தங்கச்சி. இது எதிர்வீட்டுக்காரி, அவளுக்கு அழுகை வராது, முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு உக்காருவா. இதைக் கொஞ்சம் குண்டாக்கு, சுய்யூனோட அம்மா. இது நீ. உன்னைக் கதவோரமா வை, நீதானே எழுந்துபோய் அடுப்பைப் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இப்ப என்னை வை."

நான் சுட்டியைக் கீழே விட்டேன்.

"வைடி. நாள் முழுக்க கூடாரத்துல உக்காந்திருக்காளுக, நான் இல்லாம எதுக்கு?"

அடிப்படை வடிவங்களிலிருந்து பெட்டியை எடுத்தேன். கதவுக்குள் நுழைந்தால் வலது பக்கம் பெண்களின் பக்கம், இறந்த பெண்ணை அங்கேதான் கிடத்துவார்கள். இடது பக்கம் ஆணுக்கு. வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் மரியாதை இடத்தில் மெத்தைப் பெட்டியும், அதன்மேல் வீட்டின் மெத்தைகள் எல்லாம் அடுக்காகவும் இருக்கும். நான் பெட்டியை வலது பக்கம் வைத்தேன். இரண்டு மீட்டர் நீளம் தானாக வந்தது.

"அவ்வளவு நீளம் நான் ஏது? குறை."

குறைத்தேன்.

"இன்னும் குறை. இந்தக் கோடையில நான் இன்னும் சுருங்கிட்டேன்."

குறைத்தேன். சாம்பல் நிறத்தில் இருந்ததைச் சிவப்பாக்கச் சொன்னார், அவருடைய நல்ல சால்வை சிவப்பு. நான் திரையைப் பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது.

"ஒப்பாரி வைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது எனே."

"தெருவையே சண்டைக்கு இழுக்கற வாய், ஒப்பாரி வராதா?"

"பாட்டா வராது."

"பாட்டா வேண்டாம், பேச்சா சொல்லு. இப்பச் சொன்னா நான் கேக்கலாம். அப்ப சொன்னா எனக்கா கேக்கப் போகுது?"

என்ன சொல்வது? வெட்டுகிறவளுக்குக் கத்திரிதான் ஞாபகம் வரும்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு என் கத்திரியைத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றேன். "மருமக தொழில் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்க படுக்கையை மடிக்கறப்ப பாத்துட்டீங்க. யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் உங்க கல்யாணத்துக்கு வந்த பட்டுத் துணியைக் கொண்டுவந்து என் முன்னால போட்டு, திரைச்சீலை வெட்டுன்னு சொன்னீங்க."

"கோணலா வெட்டினே."

"ஆமா. கை நடுங்கிச்சு. அந்தக் கோணல் திரையை நீங்க இன்னிக்கு வரைக்கும் முன் ஜன்னல்ல மாட்டி வெச்சிருக்கீங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் என் மருமக வெட்டினதுன்னு சொல்றீங்க." அதற்கு மேல் சொற்களை அடுக்க எனக்கு வரவில்லை. "நீங்க போயிட்டா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும் எனே. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

எனே என் முழங்காலில் கையை வைத்தார். எலும்பும் சூடுமாக இருந்தது அந்தக் கை.

"போதும். நல்லா இருந்துச்சு" என்றார். "அன்னிக்குச் சொல்றப்ப அந்தக் கோணலை மட்டும் விட்டுடு."

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வரைபடத்தை மேலேயிருந்து பார்த்தோம். வட்டம் முற்றத்தை நிறைத்துக்கொண்டு நின்றது. என் தையல் கூடத்தின் ஒரு மூலை மட்டும் பரிதாபமாக வெளியே தெரிந்தது. நான் அதைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு பொத்தான்தான். அழித்ததும் நெஞ்சு காலியானது, பொய் சொல்வானேன்.

"அதை ஏன் எடுத்தே?"

"இடம் இல்லையே எனே. நிலவறை எனக்குப் பழகினதுதான்."

"இந்த முன் அறை என்ன?"

"விருந்து ஹால். உங்க மகனோட ஆசை."

"தெக்கால ஜன்னல் இருக்கா?"

"பெருசா இருக்கு."

"அப்புறம் என்ன? அங்க போடு உன் மேசையை."

"எனே, விருந்தாளி வந்தா எங்க உக்காருவாங்க? அத்தா என்னைக் கொன்னுடுவாரு. முன்னறையில மருமக மிஷின் ஓட்டறான்னு தெரு சிரிக்கும்."

"வருஷத்துல ரெண்டு தடவை வந்து கறி தின்னுட்டுப் போறவனுக்கு வீட்டுலயே நல்ல அறை. தினமும் உழைக்கறவளுக்கு நிலவறையா?" எனே திரையில் விரலை வைத்தார். "இதை ஒட்டின அறை யாரோடது?"

"உங்களோடது."

"சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடினா எனக்குக் கேக்குமா?"

"கேக்கும். அஞ்சு மிஷின் எனே, தூங்க விடாது."

"கேக்கணும்" என்றார். "மத்தியானம் எல்லாரும் போனப்பறம் படுத்துக் கிடந்தா, வீடு சத்தமில்லாம இருக்குடி. எனக்கு அது பயமா இருக்கு. யாராவது சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போட்டுக்கிட்டுத் தைச்சாங்கன்னா நல்லா இருக்கும்."

ஹாலிலிருந்த சோபாக்களை எல்லாம் அழித்தேன். பெட்டி வடிவத்தை எடுத்து நீட்டி, ஜன்னலுக்குக் கீழே வெட்டு மேசையாக்கினேன். மிஷினுக்கு ஐந்து சின்னப் பெட்டிகள். எனே அறையின் சுவரை ஒட்டியே வைத்தேன்.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. அத்தாவும் எமிலும் செங்கல் தூசியோடு உள்ளே வந்தார்கள். அத்தா தொப்பியைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் குந்தினார்.

"பெருசா ஆயிடுச்சே."

"நெஜ அளவு அத்தா. ஆறு மீட்டர்."

"தையல் கூடம்?"

"விருந்து ஹாலுக்குப் போயிடுச்சு" என்றார் எனே. "நான்தான் போகச் சொன்னேன்."

எமில் கையிலிருந்த மாதிரிச் செங்கல்லைப் பொத்தென்று வைத்தார். "அம்மா, அப்ப விருந்தாளி வந்தா?"

"சட்டைக்கு அளவு குடுத்துட்டுப் போகட்டும்."

எமில் அப்பாவைப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்வார் என்று. நானும் அதற்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னறை என்பது அந்த வீட்டு ஆணின் முகம். அத்தா திரையின் கீழ்ப்பாதியில் கூடாரத்துக்குள் தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் குட்டை உருளைகள். வலது பக்கம் சிவப்பாக ஒன்று.

"இது என்ன?"

நான் எனேவைப் பார்த்தேன்.

"மெத்தைப் பெட்டி" என்றார் எனே.

அத்தா இடையர் வீட்டில் பிறந்தவர், கூடாரத்தில் வளர்ந்தவர். எந்தப் பக்கம் எது இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியின் நீளத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, விரிப்பில் உட்கார்ந்திருந்த எனேவைப் பார்த்தார். எனே பார்வையைத் திருப்பவில்லை.

"மெத்தைப் பெட்டியை அங்க வைக்க மாட்டாங்க" என்றார் அத்தா. "வாசலுக்கு எதிர்லதான் வைப்பாங்க. எடு அதை. அங்கேருந்து எடும்மா."

சுட்டியைப் பிடித்து நகர்த்தினேன்.

"இன்னும் தள்ளு."

தள்ளினேன். உருளைகளைத் தாண்டி, பெண்கள் பக்கத்தை விட்டு, வாசலுக்கு நேர் எதிரே சுவரில் போய் அந்தப் பெட்டி முட்டியது. அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நம்ம வீட்டு மெத்தை இவ்வளவுதானா?" என்றார் எனே. "பாக்கறவங்க பரதேசி வீடுன்னு நெனைப்பாங்க. உயரமாக்கு."

மேல்நோக்கிய அம்பைப் பிடித்து இழுத்தேன். பெட்டி வளர்ந்தது, இடுப்பு உயரம், ஆள் உயரம்.

"போதுமா எனே?"

"இன்னும்" என்றார் அத்தா, துடைத்துக்கொண்டே.

"கூரையை முட்டுது அத்தா."

"முட்டட்டும்."

எனே காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். அடி மட்டும் நனைகிற அளவு ஊற்றிக் கொடுத்தேன்.